ஜாம்பி படத்துக்கு முதலில் ஆள் வேண்டும்

போன மாதம் அக்கா மகன் குடும்பத்தில் எல்லாருடைய போட்டோவையும் ஒரு செயலியில் போட்டு, ஜாம்பியாக மாற்றி வாட்ஸப் குழுவில் அனுப்பினான். மொத்தம் பதினொரு படம். பத்தைப் பார்த்துச் சிரித்தோம். பதினொன்றாவது பெரியம்மாவுடையது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. "முதல்ல இதை அழிடா" என்றார் அம்மா.

அதே செயலி, அதே சாம்பல் தோல், அதே வெள்ளைக் கண், கன்னத்தில் அதே கிழிசல். அப்புறம் ஏன் ஒன்று மட்டும் வயிற்றைப் பிசைந்தது? மூலப் படங்களைக் கேட்டு வாங்கி, ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தேன்.

பத்தும் செல்ஃபி. கை நீளத்தில் பிடித்த முன்கேமரா மூக்கைப் பெரிதாக்கும், காதைப் பின்னால் தள்ளும். போதாததற்கு பியூட்டி மோடு வேறு. மச்சம், அம்மைத் தழும்பு, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் போய்விட்டது. செயலியிடம் போகும் முன்பே அந்த முகங்கள் யாருடையவோ ஆகிவிட்டன. சிலர் முன்கூட்டியே நாக்கைத் தள்ளி, பல்லைக் கடித்து ஜாம்பி மாதிரி நடித்தும் இருந்தார்கள். அது மாறுவேடப் போட்டி போல ஆகிவிட்டது.

பெரியம்மா படம் சமையலறை ஜன்னல் பக்கத்தில் எடுத்தது. யாரோ ஐந்தாறு அடி தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து எடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். நிழலிலும் தோல் தெரிகிறது. மூக்குத்தி, காதோர நரை, கழுத்து, தோள் வரை இருக்கிறது. சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. செயலி அதைப் பிணமாக்கிய பிறகும் அது பெரியம்மாதான். சிக்கலே அதுதான்.

ஜார்ஜ் ரொமேரோ இதை 1968-லேயே தெரிந்து வைத்திருந்தார். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' குறைந்த செலவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பெரும்பாலான பிணங்களுக்கு வெளிறிய முகமும் கண்ணைச் சுற்றிக் கறுப்பும்தான் ஒப்பனை. ஆனா கடைசியில் கூட்டம் வீட்டுக்குள் நுழையும்போது பார்பராவை இழுத்துக்கொண்டு போவது யார்? படத்தின் தொடக்கத்தில் கல்லறையில் அவளைக் கேலி செய்த அண்ணன் ஜானி. கையில் அப்போது போட்டிருந்த அதே கையுறை. முகத்தில் எவ்வளவு புண் என்பது அங்கே பொருட்டே இல்லை. அவள் அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள், அந்த ஒரு நொடிதான் பயம்.

பத்து வருடம் கழித்து வந்த 'டான் ஆஃப் தி டெட்' படத்துக்கு ஒப்பனை டாம் சவினி. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் படம் எடுத்தவர், உண்மையான பிணங்களைக் கேமரா வழியாகப் பார்த்தவர். அவர் பூசிய சாம்பல் சாயம் திரையில் பல இடங்களில் நீலமாகத் தெரிகிறது. அப்படியும் அந்தக் கூட்டத்தில் நம் நினைவில் நிற்பது நர்ஸ் உடையில் வரும் பெண்ணும் ஹரே கிருஷ்ணா பக்தரும்தான். உயிரோடு இருந்தபோது இவர் யார் என்பதற்கு ஒரு துப்பாவது வேண்டியிருக்கிறது.

இதற்கான யோசனைகளில் வழக்கமாகச் சொல்வது, வெளிச்சம் சமமாக விழ வேண்டும், பாஸ்போர்ட் படம் மாதிரி நேராகப் பார்க்க வேண்டும் என்பது. பாதி சரி. இரண்டு கண்ணும் தெரியாவிட்டால், முடியோ கண்ணாடியின் பளபளப்போ மறைத்தால், செயலி முகத்தைத் தவறாகப் பிடிக்கும். ஆனா சமமான வெளிச்சத்தில் கன்னத்துக்குக் குழியே கிடையாது. புண்ணை ஸ்டிக்கர் மாதிரி மேலே ஒட்டத்தான் முடியும். உச்சி வெயிலும் உதவாது, கருநிழலில் தோல் தொலைந்துவிடும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், நேர் வெயில் வேண்டாம். பின்னால் வெறும் சுவர். கூர்மை கண்ணில் விழ வேண்டும். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பணும். மூக்குத்தியோ குங்குமமோ, அவரை அவராகக் காட்டுவது எதையும் கழற்றச் சொல்லாதீர்கள்.

இதை எழுதும்போது நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோ படங்கள் ஞாபகம் வந்தன. இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, குடும்பம் சுற்றி நிற்க எடுத்த படங்கள். மூடிய கண்களை டச்சிங்கில் திறந்த மாதிரி வரைந்து கொடுத்த ஸ்டூடியோக்காரர்களும் உண்டு. அங்கே இறந்தவரை உயிரோடு காட்டணும், இங்கே உயிரோடு இருப்பவரை இறந்தவராக. இரண்டிலும் ஆள் அவர்தான் என்று தெரிய வேண்டும். அம்மா அழிக்கச் சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு முடியவில்லை. எழுபது தாண்டியவரின் படத்தை அவரைக் கேட்காமல் அப்படி மாற்றியிருக்கக் கூடாது. வேறு யாருடையதானாலும் அப்படித்தான்.

மருமகன் அழித்துவிட்டான். அப்புறம் தன்னையே ஒழுங்காக ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னான். அதே ஜன்னல் பக்கம் நிற்க வைத்து எடுத்தேன். ஜாம்பியாக மாற்றினால் நன்றாகவே பயமுறுத்துகிறான். மாற்றாத படமும் நன்றாக இருக்கிறது, அக்கா அதை பிரிண்ட் போடச் சொல்லியிருக்கிறாள். எடுத்த படம் அப்படியே சுவரில் மாட்டும் தரத்தில் இல்லை என்றால், ஜாம்பிக்கும் அது ஆகாது.

பெரியம்மாவின் மூலப் படத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன். எங்களிடம் அவர் தனியாக இருக்கும் நல்ல படம் அது ஒன்றுதான் என்பது இத்தனைக்கும் அப்புறம்தான் தெரிந்தது.