நாள்தோறும் ஒரு சிங்கம்

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் (1760–1849) எண்பதைக் கடந்த முதுமையில், 1842, 1843ஆம் ஆண்டுகளில், தீங்கு விலகும்பொருட்டு நாள்தோறும் ஒரு சிங்கம் வரைந்து தேதியிட்டு வந்தார். அவற்றுள் 200க்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன.

தனித்தனியே நோக்கின் பல வெறும் விரைவுக் கோடுகளே. வரிசையாக நோக்கினாலோ, ஒரு சிங்கம் பாய்கிறது. ஒன்று மனிதரைப்போல் ஆடுகிறது. பொருள் ஒன்றே, கை அன்றாடம் புதிது. பழக்கம் கலையை மழுங்கச் செய்யும் என்பார்க்கு இதுவே மறுமொழி.

தோட்டப் பள்ளியில், நேற்றைய பூவையே இன்றும் வரைந்த மாணாக்கரை, ‘வேறு வரை’ என்று நான் பன்முறை கடிந்ததுண்டு. இரு பூவுக்கும் இடையிலிருந்த வேற்றுமையைக் காணத் தவறியவன் நானே. ஆசிரிய நண்பர்களே, மாணாக்கர்க்கு நாளுக்கொரு பக்கமாக ஓர் ஓவிய ஏடு கொடுங்கள். தேதி இடச் சொல்லுங்கள். மதிப்பெண் மட்டும் இடாதீர்கள்.