கிழிந்த அங்கியில் ஒரு பதக்கம்

பத்தாண்டுக் காலம் பட்டாளத்தில் அணிவகுத்து நின்ற கைக்குத் தூரிகை பிடிபடுமா என்று கேட்போர்க்குப் பாவெல் பெடோட்டோவ் என்ற ருசிய ஓவியரைக் காட்டுவோம்.

1815-இல் மாஸ்கோவில், பழைய படைவீரர் ஒருவரின் ஏழ்மைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். படைப்பள்ளியில் பயின்று, 1833-இல் பீட்டர்ஸ்பர்க் மாநகரில் மெய்க்காவற்படை அதிகாரியானார். கலைக்கழகத்தின் மாலை வகுப்புகளில் சிறிது கற்றதுண்டு; மற்றபடி கண்ணே ஆசான், தெருவே கல்விக்கூடம்! எர்மிட்டேஜ் மாளிகையில் டச்சு ஓவியங்களின் முன் நின்று நின்று, வண்ண நுணுக்கத்தைத் தாமே கண்டறிந்தார். எளியோர் வாழ்வைத் தீட்டுக என்று ஊக்கமளித்தவர் கதைப்புலவர் கிரிலோவ். 1844-இல் பெடோட்டோவ் படையை விட்டு விலகினார். மன்னன் முதலாம் நிக்கலாஸ் அளித்த உதவித்தொகை மாதம் 100 ரூபிள். அதில்தான் தம் வயிறு, வண்ணம், மாஸ்கோவில் காத்திருந்த குடும்பம், அத்தனையும்!

1846-இல் அவர் தீட்டிய 'புதுப் பதக்கக்காரர்' என்ற ஓவியத்தைப் பாருங்கள். முதல் பதக்கம் பெற்ற சிற்றதிகாரி, விருந்து முடிந்த மறுநாட் காலை, கிழிந்த அங்கியில் அதைக் குத்திக்கொண்டு, ரோமானியப் பெருவீரனைப்போல் நிமிர்ந்து நிற்கிறான். எதிரே சமையற்காரி, அவனது ஓட்டை விழுந்த காலணியைத் தூக்கிக் காட்டுகிறாள். மார்பிலே மன்னன் தந்த மதிப்பு. காலிலே மாதச் சம்பளம் தந்த ஓட்டை! இப்படத்தைக் கல்லச்சில் பரப்ப முனைந்தபோது, பதக்கத்தை நீக்குக என்றது தணிக்கைத் துறை. ஓட்டைக் காலணி இருக்கலாமாம், பதக்கம் கூடாதாம்!

1848-இல் 'மேஜரின் பெண்பார்ப்பு' பிறந்தது. கடன்பட்ட மேஜருக்கு வணிகன் வீட்டுப் பணம் வேண்டும். வணிகனுக்கு மேஜரின் பட்டம் வேண்டும். வாயிற்படியில் மீசையை முறுக்கும் மாப்பிள்ளை, ஓடும் பெண், பாவாடையைப் பற்றி இழுக்கும் தாய்! இப்படத்திற்காகவே கலைக்கழகம் அவருக்கு 'அகாதமியர்' பட்டம் வழங்கியது. சிரிப்போம், ஆனால் விலைபேசப்படும் அந்தப் பெண்ணின் முகத்தைக் கண்டபின் சிரிப்பு நிலைக்குமா?

குறையும் கூறுவோம். முதற்படத்தில் புட்டி, கிதார், உணவுத் துணுக்கு என ஒவ்வொரு பொருளும் விரல்நீட்டிப் பாடம் சொல்கிறது. பார்ப்பவன் அறிவை நம்பாத படம் அது. அந்தக் குறையை உதற அவருக்கு ஆறாண்டுகள் போதுமாயின.

ஆனால் காலம் கொடியது. 1849-இல் பெத்ராஷெவ்ஸ்கி குழுவினர் கைதாயினர். பெடோட்டோவின் நண்பர், செதுக்கோவியர் பெர்னார்த்ஸ்கியும் சிறைப்பட்டார். ஓவியருக்குக் கடன் பெருகிற்று, மனம் இருண்டது. அந்த இருளில் பிறந்ததே 'ஆங்க்கோர், இன்னும் ஆங்க்கோர்!' தொலைதூரக் குடிசையில், மெழுகுத்திரி வெளிச்சத்தில், கட்டிலிற் கவிழ்ந்த அதிகாரி ஒருவன் நாயைக் கோலின்மேல் தாவச் செய்கிறான். மீண்டும், மீண்டும். இங்கே கேலியில்லை, கதையில்லை, சுட்டும் விரலுமில்லை. பட்டம் பெற்றுத் தந்த படத்தைவிட இதையே நாம் உயர்வாக மதிக்கிறோம்.

1852-இல் மனநோய் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 37. பட்டாள நாளிலிருந்து உடனிருந்த ஏவலாள் கொர்ஷுனோவ், இறுதிவரை அவரை விட்டு அகலவில்லை.