‘வேண்டாம்’ என்ற சொல்

ஒரு நாவலை எடைபோடும்போது முதலில் பாத்திரங்களின் பேச்சைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பேச்சு பொய்யாக இருந்தால் கதை எவ்வளவு அழகாகப் பின்னப்பட்டிருந்தாலும் நிற்காது. கம்ப்யூட்டரையும் அதே அளவுகோலால் பார்க்கலாம். அதுவும் நம்மோடு பேசுகிறதே!

“இப்போதே புதுப்பிக்கட்டுமா, பிறகு புதுப்பிக்கட்டுமா?” என்று கேட்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமில்லை. பெண்ணுக்குப் பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்காமல், “கல்யாணம் தையிலா, மாசியிலா?” என்று கேட்கும் சாமர்த்தியம் இது.

புதுப்பிப்பதே கூடாது என்று நான் வாதாடவில்லை. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற கிருமி உலகமெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும். ஆனால் ஓட்டையை அடைக்க வந்த கொத்தனார் வீட்டுச் சாமான்களில் கை வைக்கலாமா? 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய சொந்த ஃபைல்களையே அழித்தது. கம்பெனி அதை நிறுத்திச் சரிசெய்து, நவம்பரில் மறுபடி வெளியிட்டது.

அடுத்த பொய், ‘பேக்கப்’ என்ற சொல். நகல் எடுத்து வைப்பது என்றுதான் நாம் அர்த்தம் செய்துகொள்கிறோம். ஒன்டிரைவ் செய்வதோ வேறு. ஃபைலின் இருப்பிடத்தையே மாற்றி, கீழே உள்ளதையும் ‘மேக’த்தில் உள்ளதையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. நகல் வேறு, நிழல் வேறு. மூலம் போனால் நகல் நிற்கும். நிழல் கூடவே போய்விடும்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் சாலையில், பெரிய ஏரியும் தாமோதரப் பெருமாள் கோயிலும் உள்ள ஊர் தாமல். அங்கே பட்டுக்கு டிசைன் போடுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட தாளில் வரைந்த காலம் போய், அவருடைய மயிலும் யாளியும் இன்று கம்ப்யூட்டர் முகப்பில் இருக்கின்றன. அவரைக் கேட்காமலே அவை மேலே போகின்றன. இலவச இடம் 5 ஜிகாபைட். நிறைந்ததும் பணம் கேட்கிறது. மேலே உள்ளது நகல்தானே என்று அவர் அழிக்கிறார். கீழேயும் காணாமற் போகிறது. 30 நாள் அது குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதற்குள் விஷயம் புரிந்தால் பிழைத்தார். இல்லையேல் அவர் உழைப்பு போயிற்று.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசத் திருத்தம் நின்றது. இன்னும் ஓராண்டு பாதுகாப்பு வேண்டுமா? 30 டாலர் கட்டு. அல்லது கம்பெனியின் பரிசுப் புள்ளி ஆயிரம் கொடு. அல்லது உன் கம்ப்யூட்டரின் அமைப்புகளை மேகத்துக்கு அனுப்பு என்றார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்பு ஆட்சேபித்ததும், அங்கே அந்தக் கடைசி நிபந்தனையைத் தளர்த்தினார்கள். தாமலுக்கு அந்தச் சலுகை இல்லை. என் மனத்தை உறுத்துவது இதுதான். ‘வேண்டாம்’ என்ற சொல் இயந்திரத்துக்குத் தெரியாமல் இல்லை. யார் உரக்கச் சொன்னால் கேட்பது என்று அதன் எஜமானர்கள் தீர்மானித்திருக்கிறார்கள்.

தறியிலும் பழையது முடிந்து புதியது வருகிறது. பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கில் இழைகள். ஆனால் பாதிச் சேலையில் யாரும் வந்து பாவை மாற்றுவதில்லை. வேளையைத் தறிக்காரர் தீர்மானிக்கிறார்.

திருத்தத்தைத் தனியாகக் கொடுக்கட்டும். மேகத்தைத் தனியாக விற்கட்டும். இரண்டுக்கும் நடுவே ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் இருக்கட்டும். அதுவரை, டிசைன்களை ஒரு தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, பெட்டியில் பூட்டி வைப்பதே தாமல்காரருக்கு நான் சொல்லும் புத்திமதி.