மடனும் முகமூடியும்: பொய் நேர்காணல் அங்கதம் பற்றிய ஒரு நோக்கு

நகைக்குரிய நிலைக்களன்களை நான்காகப் பகுக்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எள்ளல், இளமை, பேதைமை ஆகியவற்றோடு மடன் என்பதனையும் தனியே வைத்து எண்ணுகிறது. பேதைமையும் மடனும் மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒன்றுபோலவே தோன்றும். எனவே இரண்டனையும் பிரித்துக் காட்டும் பொறுப்பு உரையாசிரியர்களுக்கு நேர்ந்தது. பேராசிரியர் பேதைமையை அறிவின்மை எனக் கொண்டு, மடன் என்பதற்குக் கேட்டதனை ஆராய்ந்து உணராமல் மெய்யென ஏற்றுக்கொள்ளுதல் என்னும் பொருள்பட உரை காண்கிறார். இவ்வுரையின்படி கற்றவரிடத்தும் பதவியில் இருப்பவரிடத்தும் பேதைமை இல்லாதிருக்கலாம். மடன் இருத்தல் கூடும். இலக்கிய வகுப்புகளில் ஓரிரு நிமிடங்களில் கடந்து செல்லப்படும் இந்நுண்வேறுபாடு, இக்காலத் தொலைக்காட்சி அங்கதத்தின் ஒரு வகையை எடைபோடுதற்கு வியக்கத்தக்க அளவில் பயன்படுகிறது.

நிருபராகவோ வல்லுநராகவோ வேடமிட்ட நடிகர் ஒருவர், உண்மையான அரசியல் தலைவரையோ அறிஞரையோ புகழ்பெற்ற கலைஞரையோ பேட்டி காண்கிறார். எதிரே அமர்ந்திருப்பவர் நடிகர் என்பது பேட்டி தருபவருக்குத் தெரியாது, பார்வையாளர்க்குத் தெரியும். பொய் நேர்காணல் என இதனைக் குறிப்பிடலாம். பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டு சேனல் 4 ஒளிபரப்பிய 'பிராஸ் ஐ' இதன் கூர்மையான எடுத்துக்காட்டு. அதன் படைப்பாளர் கிறிஸ் மோரிஸ், 'கேக்' என்னும் பெயரில் இல்லாத போதைப்பொருள் ஒன்றைக் கற்பித்து, அதன் கொடுமையைக் கண்டித்துப் பேசுமாறு பிரமுகர்களை அழைத்தார். பலரும் பேசினர். டேவிட் ஏமஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருபடி மேலே சென்று, அப்பொருள் குறித்து நாடாளுமன்றத்திலேயே வினா எழுப்பினார். இல்லாத ஒன்று அரசின் ஆவணத்தில் இடம்பெற்றது.

இதனைப் பேதைமை என்று ஒதுக்கிவிட இயலாது. மருந்தியல் அறியாமை யார்க்கும் இழுக்கன்று. நீட்டிய தாளைப் படித்துவிட்டு, இது யாது என்று ஒரு மருத்துவரிடம் கேட்காமலேயே பொதுமக்களுக்கு அறிவுரை கூற முன்வந்தமைதான் இங்கு நகைக்கு இடனாகிறது. பேராசிரியரின் விளக்கத்திற்கு இதனினும் பொருத்தமான இக்கால உதாரணம் கிடைப்பது அரிது.

இம்மோரிஸை அடுத்து வந்த சாஷா பேரன் கோயன், 1998இல் அறிமுகப்படுத்திய 'அலி ஜி' என்னும் பாத்திரத்தின் வழி இவ்வகையை உலகறியச் செய்தார். 2000இல் சேனல் 4இலும் 2003 முதல் அமெரிக்காவின் எச்.பி.ஓ.விலும் 'த அலி ஜி ஷோ' ஒளிபரப்பாயிற்று. இங்குத் திறம் வேறு. மோரிஸ் அறிவாளியின் தோற்றத்தில் வந்தார்; அலி ஜி ஒன்றும் அறியாத இளைஞனாக வருகிறான். நிலவில் இரண்டாவதாகக் காலடி வைத்த பஸ் ஆல்டிரினிடம், மனிதன் கதிரவன்மீது எப்போது நடப்பான் என வினவுகிறான். வெப்பம் மிகுதி என்று அவர் விடை தர, அப்படியானால் குளிர்காலத்தில் போகலாமே என்கிறான். ஆல்டிரின் சினவாமல், குளிர்காலத்திலும் கதிரவன் குளிர்வதில்லை என்று விளக்குகிறார். பார்வையாளர் நகைக்கின்றனர். ஆனால் யாரைக் கண்டு? எள்ளலைத் தான் பிறரை எள்ளுதலும் தான் பிறரால் எள்ளப்படுதலும் என உரையாசிரியர் இருகூறாக்குவதை இங்கு நினைத்தல் தகும். இக்காட்சியில் எள்ளப்படுவது வினவியவனின் பேதைமையே. ஆல்டிரின் பொறுமை மிக்க ஓர் ஆசிரியராகவே எஞ்சுகிறார்.

தொழிற்கட்சியின் முதுபெரும் தலைவர் டோனி பென்னின் நேர்காணல் இன்னும் தெளிவானது. தொழிலாளரை இழிவுபடுத்தியும் பெண்களைத் தகாத சொல்லால் சுட்டியும் அலி ஜி பேசியபோது, பென் அதனை நகைத்துக் கடந்துவிடாமல் முகத்திற்கு நேரே மறுத்தார். வேடம் தெரியாத நிலையிலும் சொல்லின் குற்றம் அவருக்குத் தெரிந்திருந்தது. மடன் இல்லாதவரிடத்து இந்நகைச்சுவை தோற்றுப்போகிறது. அத்தோல்வியே அதன் சிறந்த பகுதியாகவும் அமைந்துவிடுகிறது. எனினும் இதனை ஒரு நேர்மைத் தேர்வு என்று கொண்டாடிவிடுதல் பிழையாகும். உருகும் பனிக்கூழ் கையில் ஒட்டாமலிருக்கக் கையுறை செய்யும் தொழிலைப் பற்றி அதே அலி ஜி பேசத் தொடங்கியதும் டொனால்டு டிரம்ப் எழுந்து போய்விட்டார். ஐயமும் அவசரமும் உடையவர் தப்பிக்கிறார். விருந்தோம்பும் இயல்பும் பொறுமையும் உடையவர் நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறார். பண்புடைமைக்கே தண்டம் விதிக்கும் இக்கூறு பொய் நேர்காணலின் உள்ளார்ந்த குறை. இவ்வகையைப் போற்றுவோர் இதனைப் பேசுவதில்லை.

மறைவது பழியா, பழிப்பவரா?

அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக வகுத்தது தமிழ் மரபு. முதலாவதில் வசை வெளிப்படை. இரண்டாவதில் வசை சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். இரண்டிலும் வசைபாடுபவர் யார் என்பது வெளிப்படை என்பதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். பொய் நேர்காணலிலோ பழி மறைவதில்லை, பழிப்பவரே மறைகிறார். எனவே மரபு வகுத்த இரண்டனுள் இது அடங்காது. மூன்றாவதாக ஒன்றை வகுக்க வேண்டியிருப்பின், ஆள்கரப்பு என்று அதற்குப் பெயரிடலாம்.

மேடையில் ஆள்கரப்பு தமிழர்க்குப் புதிதன்று. தெருக்கூத்தின் கட்டியக்காரன் வேடமிட்டவனே. திரைக்குப் பின்னிருந்து வரும் துரியோதனனைப் பார்த்து நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று அவன் தொடுக்கும் வினாக்கள் முறையான ஒரு நேர்காணலின் வடிவம் கொண்டவை. ஆந்திரம், தமிழகம், கருநாடகம் மூன்றும் சந்திக்கும் குப்பம், ராமகுப்பம் பகுதியை உள்ளடக்கிய சித்தூர் மாவட்டத்தில், தருமராசர், திரௌபதி கோயில்களை ஒட்டிப் பாரதத் திருவிழாக்கள் நடைபெறும். பகலில் அரிகதையும் இரவில் வீதிநாடகமும் நிகழும் அவ்விழாக்களில் தெலுங்கும் தமிழும் அருகருகே புழங்குவது இயல்பு. மொழி எதுவாயினும் கோமாளியின் உரிமை ஒன்றே: அரசனை அவன் ஒருமையில் அழைக்கலாம், அவன் பெருமையைச் சொல்லுக்குச் சொல் கவிழ்க்கலாம். ஆனால் அவ்வரசன் அரிதாரம் பூசிய கூத்தன். ஊரின் உண்மையான பெரியவர் எதிரே பாயில் அமர்ந்திருக்கிறார். தம்மைக் குறித்த கேலி வந்தால் அது யாரோ ஒரு துரியோதனனுக்கு என்று அவரும் சேர்ந்து நகைக்கலாம். வீட்டிற்குச் சென்று எண்ணிப் பார்க்கலாம். கூத்து அவருக்கு ஓர் ஒதுக்கிடம் தருகிறது. பொய் நேர்காணல் அவ்வொதுக்கிடத்தைப் பறித்து, அரிதாரமின்றி அவரையே ஆடுகளத்தில் நிறுத்துகிறது. அதன் வலிமையும் வன்முறையும் இதுவே.

விடையளிப்பவர் அணிந்த வேடம்

தமிழ்த் தொலைக்காட்சி கூத்தின் வழியையே பின்பற்றியது. இராம்பாலா இயக்கத்தில் விஜய் தொலைக்காட்சி 2000களின் நடுப்பகுதியில் ஒளிபரப்பிய 'லொள்ளு சபா' திரைப்படங்களைப் பகடி செய்தது. சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா முதலியோர் நாயகர்களாகவும் வில்லன்களாகவும் வேடமேற்றனர். 2005இல் தொடங்கிய 'கலக்கப் போவது யாரு' பலகுரல் கலைஞர்களை மேடையேற்றியது. அங்கும் தலைவர்களின் குரலில் விடை சொன்னவர் கலைஞரே. தமிழ் நிகழ்ச்சிகளில் முகமூடி விடையளிப்பவருடையது, வினவுபவருடையது அன்று. இது சிறிய வேறுபாடாகத் தோன்றினும் விளைவு பெரிது. போலித் தலைவர் எவ்வளவு நகைப்புக்குரிய விடை சொன்னாலும் அவ்விடைக்கு உண்மைத் தலைவர் பொறுப்பாகார். நிகழ்ச்சி எள்ளலில் நின்றுவிடுகிறது. மடனைத் தொடுவதே இல்லை.

இதற்கு அச்சத்தைக் காரணமாகக் கூறுவது எளிது. அதற்குச் சான்றுகளும் உள. 1987இல் அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கேலி செய்த ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் ஓரிரு நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அவதூறைக் குற்றமாகக் கருதும் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2016இல் நிலைநிறுத்தியது. தொலைக்காட்சி நிறுவனங்கள் பலவும் கட்சிகளோடு பிணைந்தவை. எனினும் அச்சம் மட்டுமே காரணமென்றால், அச்சம் குறைந்த இடங்களில் இவ்வகை தோன்றியிருக்க வேண்டும். திரைக்கலைஞர்களைப் பொய் நேர்காணலுக்கு உட்படுத்துவதற்குச் சட்டமன்றத்தின் தடை ஏதுமில்லை. அதுவும் ஒரு வலுவான மரபாக உருப்பெறவில்லை. நேர்காணலை வினவும் களமாகக் கொள்ளாமல் உபசரிக்கும் களமாகக் கொள்ளும் பழக்கமே அடிப்படைக் காரணமாகலாம். புதுப்படம் வெளியாகும் வாரத்தில் நாயகரிடம் கேட்கப்படும் வினாக்களுக்கும் அலி ஜியின் வினாக்களுக்கும் அறிவளவில் பெரிய இடைவெளி இல்லை என்று ஒருவர் கூறின் மறுப்பது கடினம். பகடி செய்வதற்கு முன்னரே வடிவம் பகடியாகிவிட்டது!

எல்லைக்கு அப்பால் தெலுங்கில் ஒரு நெருங்கிய முயற்சி உண்டு. 2012இல் தொடங்கப்பெற்ற வி6 தொலைக்காட்சியின் 'தீன்மார் வார்த்தலு' நிகழ்ச்சியில் 'பித்திரி சத்தி' என்னும் பாத்திரம் தெலங்காணா வட்டார வழக்கில், வெள்ளந்தி மனிதனின் பாவனையில், திரை நாயகர்களைப் பேட்டி கண்டது. வினவுபவர் வேடமணிந்த வகையில் இது அலி ஜியின் உறவு. ஆயினும் எதிரே இருப்பவருக்கு வேடம் தெரியும்; தெரிந்தே வருகிறார்; படத்திற்கு விளம்பரமும் தேடிக்கொள்கிறார். கட்டியக்காரன் மீண்டும் கூத்துக்குள் திரும்பிவிடுகிறான். இதில் பாராட்டத்தக்கது ஒன்றுண்டு: வட்டார வழக்கு இங்கு நகைக்கப்படுபவரின் மொழியாக இல்லாமல் வினவுபவரின் மொழியாக இருக்கிறது. தமிழ் நகைச்சுவை எல்லைப்புறத் தமிழைக் கையாண்ட முறையோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்.

கீழ்நோக்கித் திரும்பும் வினா

பொய் நேர்காணல் யாரை நோக்கிச் செல்கிறது என்பதே அதன் அறத்தைத் தீர்மானிக்கிறது. பேரன் கோயனின் 'போராட்' திரைப்படத்தில் (2006) கசாக்ஸ்தான் சிற்றூராகக் காட்டப்படுவது ருமேனியாவின் குளோட் என்னும் ஏழைக் கிராமம். என்ன எடுக்கிறார்கள் என்பது தெரியாமலேயே தாங்கள் இழிவாகக் காட்டப்பட்டோம் என்று ஊரார் வழக்குத் தொடுத்தனர், பயன் கிட்டவில்லை. அதே கலைஞரின் 2018ஆம் ஆண்டுத் தொடரான 'ஹூ இஸ் அமெரிக்கா?'வில், பயங்கரவாத எதிர்ப்புப் பயிற்சி என்று நம்பி இனவெறிச் சொல்லைக் கூவிய ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஜேசன் ஸ்பென்சர் பதவி விலக நேர்ந்தது. அத்தொடரால் பாதிக்கப்பட்டதாக 9.5 கோடி டாலர் கேட்டு வழக்கிட்ட ராய் மூர், தாம் முன்னரே கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தின் காரணமாக 2021இல் தோல்வியுற்றார். சட்டத்தின் முன் குளோட் மக்களும் மூரும் ஒரே முடிவையே கண்டனர். திறனாய்வு அவ்வாறு இருவரையும் ஒருங்கு வைத்தல் ஆகாது. ஸ்பென்சர் சட்டம் இயற்றும் இடத்தில் இருந்தவர். கேட்டதை ஆராயாமல் நம்பும் அவரது மடன் பிறர் வாழ்வைத் தொடும். சிற்றூர் மக்களின் நம்பிக்கை யாருக்கும் தீங்கு செய்யாதது. அதனை மடன் எனல் சொல்லின் பிழை.

தமிழில் ஆள்கரப்பு அறவே இல்லை என்று கூறிவிட முடியாததும் இதனாலேயே. அது இருக்கிறது, ஆனால் கீழ்நோக்கி இருக்கிறது. ஒளிவாங்கியுடன் தெருவில் நிறுத்தப்படும் வழிப்போக்கர், பூ விற்பவர், பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவர் ஆகியோரே 'பிராங்க்' நிகழ்ச்சிகளின் எதிர்பாராத விருந்தினர். டிக்டாக் செயலி தொடர்பாக 2019 ஏப்ரலில் ஆணை பிறப்பித்த சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பிறரை அறியாமல் கேலிப்பொருளாக்கும் இத்தகைய நிகழ்ச்சிகளையும் தனியுரிமை நோக்கில் கண்டித்தமை குறிப்பிடத்தக்கது. அதிகாரம் உடையவரிடம் உபசாரம், அதிகாரம் அற்றவரிடம் முகமூடி என்னும் இவ்வேற்பாடு தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவை குறித்த ஆய்வுகளில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. பாத்திரங்களையும் மொழிநடையையும் வகைப்படுத்தும் ஆய்வுகள், வினவுபவர் யார், விடையளிப்பவர் யார், இவருள் யாருக்கு எது தெரியும் என்பதனையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

அதிகாரத்தை நோக்கி மேலெழும் வினாவுக்குத் தமிழில் முன்னோடி இல்லை என்று எவரும் கூற இயலாது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவை அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இவ்விடத்து வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மனையில் இருக்கின்றன; அதியமானுடையனவோ நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அதன் பொருள். வேடம் ஏதுமின்றி, தன் பெயரோடும் தன் தலைவன் பெயரோடும் சென்று, எதிரியின் மனையிலேயே நின்று ஔவை இதனைச் சொல்லியிருக்கிறாள். தன் படைக்கலங்களைக் காட்டிப் பெருமிதம் கொண்ட தொண்டைமான் அச்சொல்லைப் புகழ்ச்சி என்று ஏற்றானா, பழி என்று உணர்ந்தானா என்பது பாட்டில் இல்லை. பாட்டின் கீழ்க்குறிப்போ அதற்குப் பாடாண் திணையின் வாண்மங்கலம் என்றே துறை வகுத்திருக்கிறது.