மூன்றே ஆட்டங்கள், மறக்க முடியாத ஃபுல்பேக்

இங்கிலாந்து கால்பந்து அணி சொந்த மண்ணில் வாங்கிய மிகப் பெரிய அடி எது என்று கேட்டால், 1953-ல் வெம்ப்ளியில் ஹங்கேரியிடம் 3-6 எனத் தோற்றதைத்தான் பலரும் சொல்வார்கள். கோல் வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால் அது இல்லை. 1881 மார்ச் 12, சனிக்கிழமை, லண்டன் ஓவல் மைதானத்தில் ஸ்காட்லாந்திடம் 1-6 எனத் தோற்றார்களே, அதுதான். நம் ரசிகர்கள் கிரிக்கெட்டுக்காகவே அறிந்த அதே ஓவல். ஐந்து கோல் வித்தியாசத்தில் இங்கிலாந்து உள்ளூரில் தோற்றது அந்த ஒரு முறைதான்.

அன்று ஸ்காட்லாந்தை வழிநடத்திய கேப்டன் ஆண்ட்ரூ வாட்சன். வயது 24. ஆடிய இடம் ஃபுல்பேக். நாட்டுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே கேப்டன் பொறுப்பு. உலகின் முதல் கறுப்பின சர்வதேசக் கால்பந்து வீரரும் இவர்தான். இந்தக் கடைசித் தகவலுக்காகவே இன்று அவர் பெயர் அடிபடுகிறது. அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் அதைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அவர் எப்படி ஆடினார் என்று யாரும் கேட்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். வாட்சன் ஸ்காட்லாந்துக்கு ஆடியது மூன்று ஆட்டங்கள். ஓவலில் 6-1. இரண்டே நாள் கழித்து, திங்கட்கிழமை, ரெக்ஸமில் வேல்ஸுக்கு எதிராக 5-1. அடுத்த ஆண்டு மார்ச் 11-ல் கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க்கில் மீண்டும் இங்கிலாந்து, 5-1. மொத்தம் 16 கோல் அடித்து, 3 கோல் விட்டார்கள். முன்வரிசை பலமாக இருந்தால் 16 கோல் அடிக்கலாம். ஓவலில் ஜான் ஸ்மித் மட்டுமே ஹாட்ரிக் அடித்தார். ஃபுல்பேக்கை எடைபோட வேண்டியது விட்ட கோல்களை வைத்துத்தான். இங்கிலாந்திடம் ஸ்காட்லாந்து 1879-ல் விட்டது 5 கோல், 1880-ல் 4. வாட்சன் பின்வரிசையில் நின்ற இரண்டு ஆண்டுகளிலும் தலா ஒன்று. அவர் இல்லாத 1883-ல் 2. 1884-ல் அவர் இல்லாமலேயே ஒரு கோலும் விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் புகழையும் ஒருவர் தலையில் சூட்ட முடியாது. ஆனாலும் இரண்டு ஆண்டு ஓட்டையை அடைத்த அணியின் தூணாக அவர் இருந்தார் என்பதை மறுக்க முடியாது.

அன்றைய ஃபுல்பேக் வேலை இன்றையதைப் போன்றதல்ல. பின்னால் இரண்டு பேர், நடுவில் இரண்டு பேர், முன்னால் ஆறு பேர் என்பதுதான் அணி அமைப்பு. எதிரணியின் ஆறு பேர் பாய்ந்து வரும்போது தடுக்கக் கடைசியாக இருப்பவர்கள் இருவர். தோளால் இடித்துத் தள்ளுவது சட்டப்படி செல்லும். கோல்கீப்பரையே இடித்து வீழ்த்தலாம். பெனால்டி கிடையாது, அது 1891-ல் வந்தது. ஆஃப்சைடு விதியும் வேறு: பந்து வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருக்க வேண்டும். ஆகவே இரண்டு ஃபுல்பேக்குகளில் ஒருவர் சரியான நொடியில் முன்னேறிவிட்டால் எதிரணி முன்வரிசையே சிக்கிக்கொள்ளும். நொடி தவறினால் கோல்தான். வேகம், துணிச்சலான டேக்கிள், பிசகாத பலமான உதை ஆகிய மூன்றுக்காகவும் வாட்சனை அன்றைய ஸ்காட்லாந்து விளையாட்டு ஏடுகள் பாராட்டின.

அந்த உதைக்குப் பின்னால் ஒரு பாணி இருந்தது. இங்கிலாந்தில் பந்து கிடைத்தவர் தலையைக் குனிந்து ட்ரிப்ளிங் செய்தபடி ஓடுவார். பந்து தவறினால் எடுத்துக்கொள்ள மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள். ஸ்காட்லாந்தில், குறிப்பாக கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கிளப்பில், இருவர் இருவராகப் பாஸ் செய்து முன்னேறும் ஆட்டம் வளர்ந்தது. 1880-ல் வாட்சன் சேர்ந்தது அந்த கிளப்பில்தான். 1881, 1882, 1886 என மூன்று முறை ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றார். கிளப்பின் செயலாளராகவும் இருந்தார்.

அவருடைய பின்னணியும் அலசலுக்கு உரியது. 1856-ல் பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தார். தந்தை சர்க்கரைத் தொழிலில் செல்வம் சேர்த்த ஸ்காட்லாந்துக்காரர். தாய் ஹன்னா ரோஸ் உள்ளூர்க் கறுப்பினப் பெண். அங்கிருந்த கரும்புத் தோட்டங்கள் முதலில் அடிமைகளின் உழைப்பிலும், பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் உட்பட இந்திய ஒப்பந்தக் கூலிகளின் உழைப்பிலும் செழித்தவை. சிறுவயதிலேயே பிரிட்டனுக்கு வந்த வாட்சன், ஹாலிஃபாக்ஸிலும் லண்டனிலும் படித்தார். தந்தை விட்டுச்சென்ற சொத்து அவருக்குத் துணையாக இருந்தது. 1875-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஓராண்டில் படிப்பை விட்டு, கிடங்கு வணிகத்தில் பங்குதாரரானார். மேக்ஸ்வெல், பார்க்குரோவ் என்ற சிறிய கிளப்களில் ஆடித்தான் குயின்ஸ் பார்க் வரை உயர்ந்தார்.

அமெச்சூர் ஆட்டம் என்றால் காசு வாங்காத தூய்மை என்று புகழ்வது வழக்கம். உண்மையில் அது வசதி படைத்தவர்களின் சலுகை. ஆட்டத்துக்காக வேலையை விட்டுவிட்டு வந்தால் அன்றைய கூலியை யார் தருவது? ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் கேள்வி வயிற்றுப் பிரச்சினை. வாட்சனுக்கு அது எழவே இல்லை. ஒன்பது ஆண்டு இளையவரான ஆர்தர் வார்ட்டனை இவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்த அந்தக் கோல்கீப்பர், காசுக்கு ஆடிய முதல் கறுப்பின வீரராக அறியப்படுபவர். பிற்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து 1930-ல் வறுமையில் இறந்தார். இருவருக்கும் திறமை இருந்தது; சொத்து ஒருவருக்குத்தான் இருந்தது.

அப்படியென்றால் வாட்சனின் சர்வதேச வாழ்க்கை ஏன் மூன்று ஆட்டங்களோடு நின்றது? ஃபார்ம் போகவில்லை, காயமும் இல்லை. 1882-ல் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஸ்காட்லாந்தில் இருந்து ஆடுபவர்களைத்தான் தேசிய அணிக்கு எடுப்போம் என்பது அன்றைய ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கத்தின் பிடிவாதம். கடைசி ஆட்டத்தில் இங்கிலாந்தை 5-1 என வென்ற அணியின் ஃபுல்பேக்குக்கு 26 வயதில் கதவு மூடியது. அந்தப் பிடிவாதம் 1896-ல்தான் தளர்ந்தது. தளர்ந்த அந்த ஆண்டே ஸ்காட்லாந்து 2-1 என இங்கிலாந்தை வென்றது.

லண்டனில் ஸ்விஃப்ட்ஸ் கிளப்புக்கு ஆடி, எஃப்.ஏ. கோப்பையில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். ஓவலில் இங்கிலாந்தின் ஒரே கோலை அடித்த சார்லஸ் பேம்பிரிட்ஜின் கிளப்பும் அதுதான். பிறகு கொரிந்தியன்ஸ். ஸ்காட்லாந்திடம் வாங்கிய தொடர் அடிக்கு மருந்தாக, சிறந்த அமெச்சூர்களை ஒன்றாக ஆடிப் பழகவைக்க 1882-ல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட கிளப் அது. அடித்த அணியின் கேப்டனையே அதில் சேர்த்துக்கொண்டார்கள். எஃப்.ஏ. கோப்பையைக் கையில் வைத்திருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸை 1884-ல் கொரிந்தியன்ஸ் 8-1 என நொறுக்கியபோது பின்வரிசையில் வாட்சன் இருந்தார்.

ஆட்டத்தை விட்டபின் கப்பல் இன்ஜினீயராகக் கடலில் உழைத்தார். 1921 மார்ச் 8-ல் லண்டனின் கியூ பகுதியில் நிமோனியாவால் இறந்தார். ரிச்மண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அதன்பின் பல பத்தாண்டுகள் அவரை யாரும் நினைக்கவில்லை. 1978-ல் விவ் ஆண்டர்சன் இங்கிலாந்து சீனியர் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரரானபோது, 97 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எதிரணிக் கேப்டனாக ஓவலில் நின்றதை நினைத்தவர்கள் குறைவு. ஸ்காட்லாந்து அணி அடுத்த கறுப்பின வீரரைப் பார்க்க 2004 வரை ஆனது. 2012-ல்தான் ஸ்காட்லாந்து கால்பந்துப் புகழ் மண்டபத்தில் வாட்சனுக்கு இடம் கிடைத்தது.

விக்டோரியா காலத்து அமெச்சூர்களிலிருந்து பதினொரு பேரை எடுக்கச் சொன்னால், பின்வரிசையில் ஓர் இடத்துக்கு இங்கிலாந்தின் வால்டர்ஸ் சகோதரர்களில் யாரை எடுப்பது என்று யோசிக்கலாம். இன்னோர் இடத்துக்கு யோசனையே தேவையில்லை. அது வாட்சனுக்கு, கேப்டன் பதவியும் அவருக்கே.