வெண்கலத்தில் வீரமாமுனிவர்

சென்னைக் கடற்கரையில், 1968 சனவரியில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற பத்துச் சிலைகளுள் வீரமாமுனிவர் சிலையும் ஒன்று. கத்தோலிக்கக் குரு ஒருவருக்குத் தமிழர் எடுத்த வெண்கல உருவம் அது. முதல் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் கூட்டிய தனிநாயகம் அடிகளும் கத்தோலிக்கக் குருவே என்பதை மலேசியத் தமிழர் நன்கறிவர்.

உருவச்சிலை என்றதும், ஆளைப் போல் இருக்கிறதா என்றே முதலில் கேட்கிறோம். இவரிடத்தில் அக்கேள்வி செல்லாது. 1680இல் இத்தாலியில் பிறந்து 1747இல் மறைந்தவர் இவர். புகைப்படம் இல்லாத காலம். முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வரலாறே இவர் கோலத்தைத் தமிழர் மனத்தில் பதித்தது. தலைப்பாகை, முத்துக் கடுக்கன், பல்லக்கு, புலித்தோல் என்று அடுக்கிச் செல்வார் பிள்ளை. அவர் கூறுவன எல்லாவற்றையும் பின்வந்த ஆராய்ச்சியாளர் ஒப்பவில்லை. ஆயினும் சிற்பிக்குக் கோலம் போதும். நடராசரை நாம் முகத்தைக் கொண்டா அறிகிறோம்? தூக்கிய திருவடியைக் கொண்டன்றோ? அவ்வாறே நீண்ட அங்கியும் தாடியும் கண்ட அளவில் முனிவர் இன்னார் என்று விளங்கிவிடுகிறது. இதனைக் குறையென்று சொல்வதற்கில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. அங்கே நிற்பவர் தேம்பாவணி பாடியவர். 3,615 விருத்தங்களில் வளனாரைப் போற்றிய பெரும்புலவர். அந்தப் பெருமிதம் வெண்கலத்துக்கு எளிதில் வாய்க்கிறது. பரமார்த்த குரு கதை எழுதியவரோ அங்கே இல்லை. ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்த்த சீடர்களையும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பிய குருவையும் படைத்தவர் வாய்விட்டுச் சிரிக்கத் தெரிந்தவர். தாமே குருவாக இருந்துகொண்டு குருவைக் கேலி செய்தவர்! அச்சிரிப்பின் சாயல் உதட்டோரத்தில் சிறிதேனும் இருந்திருக்கலாம். சிலை எடுப்போர் பெரியோரைச் சிரிக்கவிடுவதில்லை. நம் பாடநூல்களும் அப்படித்தான்.

சிலையில் காட்ட இயலாத செயல் ஒன்றும் உண்டு. ஏட்டில் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவதால் எரியும் ஏரியும் ஒரே வடிவில் நின்றன. படிப்பவர்தாம் இடம் நோக்கி உணர வேண்டும். குறில் நெடில் மயக்கத்தைத் தீர்க்க எகரத்திற்குக் காலிட்டு ஏகாரமும், ஒகரத்திற்குச் சுழியிட்டு ஓகாரமும் ஆக்கியவர் அவர் என்பர். முப்பது வயது கடந்தபின் தமிழ் கற்க வந்தவர்க்கே அம்மயக்கம் முள்ளாய் உறுத்தியிருக்கும். பிறந்தது முதல் பேசுவோர்க்கு அது தோன்றியிராது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் முதலாம் ஆண்டுச் சிறுவன் ‘ஏரி’ என்று எழுதிக் காலை இழுக்கிறான். சென்னைச் சிலையின் படத்தை அவனுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர், குதிரை முட்டைக் கதையைச் சொல்லி, வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு காட்டுவாராக.