சுவையும் வர்க்கமும்: வைன் தெரிவும் தமிழர் பான மரபும் பற்றிய ஒரு நோக்கு

1

கொழும்பு வாழ் தமிழ் மத்தியதர வர்க்கத்தாரிடையே வைன் தெரிவு என்பது இன்று ஒரு பண்பாட்டுத் தகைமையாகக் கொள்ளப்படுகின்றது. எவ்வுணவுக்கு எவ்வகை வைன் பொருந்தும், எவ்விருந்தில் எதனை வழங்கல் வேண்டும், எத்தகைய கிண்ணத்தில் எவ்வளவு குளிர்ச்சியுடன் வார்த்தல் வேண்டும் என்பன பற்றிய விதிகள், பத்துப் பொருத்தம் பார்ப்போர் காட்டும் கண்டிப்புடன் பேசப்படுகின்றன. வெள்ளவத்தையிலே, இலண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ விடுமுறையில் வரும் உறவினர் கொணரும் போத்தல் விருந்து மேசையின் நடுவிடத்தைப் பெறுகின்றது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நத்தார்க் கேக்கும் இஞ்சி வைனும் பழக்கமானவை. புனித லூசியா பேராலயத்தின் பலிபீடத்தில் வைன் என்றும் இருந்து வருவது. எனவே அங்கு சொல் புதிதன்று. சொல்லைச் சூழ்ந்துள்ள விதித்தொகுதியே புதிது.

இது பற்றி இலக்கிய மாணவர் அக்கறை கொள்ள வேண்டியதேன் என்ற வினா எழலாம். ‘சுவை’ என்பது நாவுக்கும் நூலுக்கும் பொதுவான சொல். தமிழில் இரசனை முறைத் திறனாய்வு எனப் பெயர்பெற்ற நெறி, நூலின் சுவையை அதனை உருவாக்கிய சமூகத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனித்துப் போற்றியது. வைன் பற்றிய பேச்சும் அதே பணியைச் செய்கின்றது. ஆயின், இரண்டையும் வெறும் போலித்தனம் என ஒதுக்கிவிடுதல் பொருள்முதல்வாத நோக்காகாது. நா என்பது ஒரு பொருள்; உணவும் பானமும் பொருள்கள். அவற்றிடையே பொருத்தமும் பொருத்தமின்மையும் உண்மையிலேயே உள்ளன. பொருத்தம் இயற்கை சார்ந்தது. தரவரிசை சமூகம் சார்ந்தது. இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படும் இடத்திலேயே கருத்தியல் தொழிற்படுகின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

உணவுக்கேற்ற பானம் என்ற கருத்து மேனாட்டிலிருந்து நாம் கற்றுக்கொண்டதொன்றன்று. பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படை நூல்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும். பெரும்பாணாற்றுப்படை, பாணன் செல்லும் வழியிலுள்ள ஒவ்வொரு குடியிருப்பிலும் அவன் பெறக்கூடிய உணவை வரிசைப்படுத்திச் செல்கின்றது. வலைஞர் குடியிருப்பிலே அவனுக்குக் கிடைப்பது சுட்ட மீனும் அரிசிக் கள்ளுமாகும். புலவர் அக்கள்ளின் பெயரைச் சொல்லி அமையவில்லை. குற்றாத அரிசியைக் கூழாக்குதல், அகன்ற வாயுடைய பிழாவில் ஆற்றுதல், நெல்முளையைக் கலத்தல், பகலும் இரவும் இருமுறை கழிய விடுதல், சாடியில் முதிரவைத்தல், விரலால் அலைத்துப் பிழிதல் எனச் செய்முறை முழுவதையும் கூறுகின்றார். மலைபடுகடாத்திலே மலைவாழ் மக்கள் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்தேறலை வழங்குகின்றனர். இரவில் மிகுதியாகக் குடித்தவனுக்கு விடியலில் மயக்கந் தீர எவ்வுணவு ஏற்றது என்பதும் அங்கு பேசப்படுகின்றது. குளத்தின் மீனுக்கு வயலின் அரிசிக் கள். மலையின் ஊனுக்கு மலைத்தேனின் தேறல். இங்கு பொருத்தத்தைத் தீர்மானித்தது அவ்வந் நிலத்தின் உற்பத்தியும் உழைப்புமே. திணைக் கோட்பாட்டை ஏற்றத்தாழ்வான பொருளியல் வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்கி 1974இல் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதிய கட்டுரை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

பானப் பெயர்களும் மனங்கொள்ளத்தக்கன. பிழியப்பட்டது பிழி; அரிக்கப்பட்டது அரியல்; தெளிந்தது தேறல். உற்பத்தியின் செயல்கள் பெயரிலேயே படிந்துள்ளன. குடிப்பவன் பெயரைச் சொல்லும்போதே செய்தவரின் கை நினைவுக்கு வரும் மொழிநிலை இது.

3

எனினும் அச்சமூகம் வேறுபாடற்ற சமூகமாக இருக்கவில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாடலிலே, சிறிதளவு கள் கிடைப்பின் அதனைப் புலவருக்கே ஈந்துவிடுபவனாகவும், மிகுதியாகக் கிடைப்பின் புலவரோடு பகிர்ந்து மகிழ்பவனாகவும் அத்தலைவன் நினைவுகூரப்படுகின்றான். பானத்தின் தரம் அங்கு பேசப்படவில்லை; பகிர்வே பேசப்படுகின்றது. இதற்கு மாறாக, பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறப்பாட்டிலே, யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் நாள்தோறும் ஊட்ட அவன் மகிழ்ந்திருக்குமாறு வாழ்த்தப்படுகின்றான். குலக்குழுத் தலைவன் வேந்தனாகிவிட்ட மாற்றத்தை இவ்விரு கிண்ணங்களிடையே காணலாம். பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் மட்டினை நீக்கி மதுவை உண்டு மகிழ்கின்றனர். துறைமுக நகரிலே பானங்களுக்கிடையே உயர்வு தாழ்வு தோன்றிவிட்டமைக்கு இது சான்றாகும்.

இவ்வுயர்வுக்குப் பொருளியல் அடிப்படை உண்டு. 1945இல் மோர்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழ்வில் மத்தியதரைப் பகுதியின் இருபிடிச் சாடிகளின் சிதைவுகள் கிடைத்தன. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் அவற்றுட் பல கிரேக்கத் தீவாகிய கோஸின் வைன் சாடிகளின் வகையைச் சார்ந்தவை எனக் காட்டின. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்புளூஸ் என்னும் கடல்வழி நூல், முசிறியில் இறக்கப்பட்ட பொருள்களுள் வைனையும் குறிப்பிட்டு, அது பெருமளவினதன்று என்கின்றது. மேற்குக் கரையின் பரிகசாவில் இத்தாலிய வைனே கூடுதலாக விரும்பப்பட்டதென்றும் அந்நூல் கூறும். அரிதாக வந்ததும், மிளகின் செல்வத்தாற் பெறப்பட்டதும், பிறர் பெறமுடியாததுமாகிய பானம் பொற்கலத்தைச் சேர்ந்ததில் வியப்பில்லை. வெள்ளவத்தை மேசையின் நடுவே இன்று நிற்கும் போத்தலுக்கு முன்னோடி இதுவேயாம்.

4

இதன்பின் நிகழ்ந்த மாற்றம் இருமுகம் கொண்டது. ஒருபுறம் சமண, பௌத்த அறநெறிகளும் திருக்குறளின் 93ஆவது அதிகாரமும் கள்ளைக் கடிந்தன. உழைப்பவன் கூலி தவறணையில் கரைவதையும், அவன் மனைவி மக்கள் பசித்திருப்பதையும் அறிந்த எவரும் இக்கண்டனத்தை வெறும் ஒழுக்கவாதமெனத் தள்ளிவிட இயலாது. ஆனால், மறுபுறம், காலனித்துவ ஆட்சியிலே கண்டனம் ஒரு சாராருக்கும் இலாபம் இன்னொரு சாராருக்கும் உரியனவாயின. தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயத்தை விற்கும் உரிமையைப் பிரித்தானிய அரசு குத்தகைக்கு விட்டது. இலங்கையின் உள்நாட்டு முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனத் திரட்சியில் இக்குத்தகை பெற்ற இடத்தை குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். சீவியவன் குடிகாரன் எனப் பழிக்கப்பட்டான், குத்தகைக்காரன் கனவானானான்.

மொழியும் இப்பிரிவினையை ஏற்றுக்கொண்டது. விவிலிய மொழிபெயர்ப்புகள் வைனைத் திராட்சரசம், திராட்சை இரசம் எனப் பெயர்த்தன. ‘இரசம்’ என்ற சொல்லோடு கலையும் மருந்தும் சேர்ந்து வருகின்றன. ‘கள்’ என்ற சொல்லோடு வசை சேர்ந்து வருகின்றது. இன்றும் நம் நாட்டின் சில்லறை மதுக் கடைகள் பல ‘வைன் ஸ்டோர்ஸ்’ எனப் பெயர்ப்பலகை தாங்குகின்றன. அவற்றுட் பெருமளவு விற்பனையாவன சாராயமும் பியருமே. கள் விற்கும் இடத்துக்கோ ‘தவறணை’ என்ற பெயரே எஞ்சியது. பெயரே இங்கு வர்க்கத்தின் முகமூடியாகின்றது.

பெண்கள் நிலையும் இத்துடன் இணைத்து நோக்கற்பாலது. ஔவையாரும் பட்டினப்பாலை மகளிரும் மதுவோடு தொடர்புறப் பேசப்பட்ட மரபுடைய மொழி வழங்கும் இந்நாட்டிலே, பெண்களுக்கு மது விற்பதை 1979ஆம் ஆண்டின் ஏற்பாடொன்று தடைசெய்தது. 2018 சனவரியில் நிதியமைச்சர் அதனை நீக்கினார். சில நாள்களுள் சனாதிபதியின் பணிப்பின்பேரில் அந்நீக்கம் மீளப் பெறப்பட்டது. தெரிவு பற்றிப் பேசும் விதிநூல்கள் தெரிவுசெய்யும் உரிமை யாருக்குரியது என்பதைப் பேசுவதில்லை.

5

யாழ்ப்பாணச் சமூகத்திலே இம்முரண்பாடு சாதியமைப்பின் வடிவிற் கூர்மை பெற்றது. இடுப்பிற் பாளைக்கத்தியும் முட்டியும், காலிலே தளைநாருமாக நாள்தோறும் பனையேறிய சீவல் தொழிலாளி, உயர்சாதியினரின் கிணற்றில் நீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டவன். அவன் தொட்ட நீர் தீட்டு. அவன் இறக்கிய கள் தீட்டன்று. இதைவிடத் தெளிவாகத் தீட்டுக் கோட்பாட்டின் பொருளியல் உள்ளடக்கத்தை விளக்கும் எடுத்துக்காட்டு வேறில்லை. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இலும் கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இலும் வெளிவந்தபோது, அவற்றின் மொழி கொச்சையானது, சுவையற்றது என்று மரபுவாதிகள் முகஞ்சுளித்தனர். தவறணையை நோக்கிய முகச்சுளிப்பும் அந்நாவலை நோக்கிய முகச்சுளிப்பும் ஒரே முகத்தினவாம். 1966 ஒக்டோபர் 21 எழுச்சியைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்தன. யார் எந்தக் குவளையிற் குடிப்பது என்பது அங்கு இரத்தஞ் சிந்திய வினாவாயிருந்தது. கிண்ணத்தின் வடிவு பற்றி இன்று கவலைப்படுவோர் இவ்வரலாற்றை அறிதல் நன்று.

இவ்விடத்து வேறொரு உதாரணமும் கூறத்தகும். 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தின் துறவியர் தயாரித்த திராட்சை வைனும் நெல்லிச் சாறும் யாழ்ப்பாணத்தார் நன்கறிந்தவை. உடலுழைப்பைத் தம் நோன்பின் பகுதியாகக் கொண்ட அவர்களிடத்து, செய்பவனும் சுவைப்பவனும் வேறாகிவிடவில்லை. வைன் எனும் பொருளே வர்க்கச் செருக்கைத் தன்னுள் கொண்டதன்று என்பதை இது காட்டும்.

6

இனி, பொருத்தம் என்ற வினாவுக்கு நேரடியாக வருவோம். சிவப்பு வைனின் துவர்ப்பு, இறைச்சியின் கொழுப்போடும் புரதத்தோடும் சேரும்போது மென்மையடையும். ஆட்டிறைச்சிக் கறிக்கு அது ஓரளவு இசையும். மீனோடு அது பெரும்பாலும் இசைவதில்லை. வைனிலுள்ள இரும்புச் சத்தே அவ்வேளை எழும் மீன்வாடைக்குக் காரணமென 2009இல் யப்பானிய ஆய்வாளர் காட்டினர். புளிசேர்ந்த மீன்கறிக்கு அதற்கு ஈடான புளிப்புடைய வெள்ளை வைனும், தேங்காய்ப்பாற் சொதிக்கு மரப்பீப்பாய் மணமற்ற மெல்லிய வெள்ளை வைனும் ஏற்றன. மிளகாயின் காரத்தை மதுசாரம் கூட்டும்; இனிப்பும் குளிர்ச்சியும் தணிக்கும். எனவே ஒடியற்கூழுக்கும் நண்டுக்கறிக்கும் பதின்மூன்று, பதினான்கு சதவீத மதுசாரமுடைய கனத்த சிவப்பு வைன் தகாது. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் வழங்குக என்னும் விதி ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்குரியது; முப்பது பாகை வெப்பமுடைய கொழும்பு அறையில் அதனை அவ்வாறே பின்பற்றுதல் அறியாமையாகும்.

காரமான உணவுக்கு வல்லுநர் விதிக்கும் இலக்கணங்களைத் தொகுத்து நோக்கின், குறைந்த மதுசாரம், சிறிது இனிப்பு, தெளிந்த புளிப்பு, மெல்லிய நுரை, குளிர்ச்சி என்பன பெறப்படும். இவை அனைத்தும், ஏறத்தாழ நான்கு முதல் ஆறு சதவீத மதுசாரமுடைய, காலையில் இறக்கிய பனங்கள்ளின் இலக்கணங்களே. பிளாவில் வார்த்த கள்ளோடு கூழை உண்ட யாழ்ப்பாணத்து உழைப்பாளி விதிநூல் எதனையும் படித்தவனல்லன். ஆயின் விதி அவனிடத்து இருந்தது. பெரும்பாணாற்றுப்படை கூறும் பிழாவோடு உறவுடையதாகத் தோன்றும் இப்பிளா, சுவையறிவின் தொடர்ச்சிக்குச் சான்றாகும்.

அவ்வாறாயின் கள் இழிந்ததும் வைன் உயர்ந்ததும் எவ்வாறு? வைனைச் சேமிக்கலாம், ஆண்டுக் கணக்கில் நிலவறையில் வைத்து விலையேற்றலாம். மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில், உழைப்பு நேரத்துக்கும் உற்பத்தி நேரத்துக்குமிடையே உள்ள வேறுபாட்டை விளக்க மார்க்ஸ் காட்டும் உதாரணங்களுள் வைனின் நொதிப்பும் ஒன்று. கள்ளோ ஓரிரு நாளிற் காடியாகிவிடும். வடிசாலைக்குட் செல்லாதவரை அது மூலதனத்துக்கு எளிதில் வசப்படுவதில்லை. பிற்காலத்திலே கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைப் போத்தலில் அடைத்து விற்க முற்பட்டமை, அதன் பயனைத் தொழிலாளரிடமே நிறுத்தும் முயற்சியாக மதிக்கப்பட வேண்டும்.

காரமான உணவுக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படும் ஐரோப்பிய வைன்களுள் ஒன்று, ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங். அப்பள்ளத்தாக்கிலுள்ள திரியர் நகரே மார்க்ஸ் பிறந்த ஊர். 1843இல் மோசல் திராட்சைப் பயிர்ச்செய்கையாளரின் துயர் பற்றி அவர் பத்திரிகையில் எழுதினார். தம்மைப் பொருளியல் ஆய்வை நோக்கித் திருப்பிய பிரச்சினைகளுள் அதுவும் ஒன்றென 1859இல் அவரே குறித்தார். கூழின் சுவை தானியத்தை விளைவித்தவன் யார் என்பதைச் சொல்லாது எனும் கருத்துப்பட மூலதனத்தின் முதற்றொகுதியில் அவர் கூறியது, திராட்சைத் தோட்டத்துத் துயரை நேரிற் கண்டவரின் கூற்றாகும்.

7

நாம் மதுவைப் பரிந்துரைக்க இக்கட்டுரையை எழுதவில்லை. குடியாதிருத்தலும் மதிப்புக்குரிய தெரிவே. நாம் வற்புறுத்துவது பிறிதொன்று. சுவையறிவு மக்களிடம் இருந்தது. அது மேல்வர்க்கத்தின் கண்டுபிடிப்பன்று. இலக்கியத்திலும் இதுவே உண்மை. நாட்டார் பாடலையும் பேச்சு மொழியையும் சுவையற்றவை என ஒதுக்கியவர்கள், மக்களிடமிருந்து பெற்றவற்றையே வேறு கலத்தில் வார்த்து உயர்ந்தவை என்றனர். சுவையை மறுப்பது முற்போக்குத் திறனாய்வின் பணியாகாது. சுவைக்குக் காரணமான கைகளைச் சுவையோடு மீண்டும் இணைப்பதே அதன் பணி. வெள்ளவத்தை விருந்தொன்றில் மோசல் வைனைத் தேர்பவர் நண்டுக்கறிக்கு நல்ல பொருத்தத்தையே கண்டவராவார். அம்மேசையிற் பனங்கள்ளை வைக்க அவர் நாணுவாராயின், அந்நாணம் நாவிலிருந்து பிறந்ததன்று. அது பிறந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவது திறனாய்வாளரின் கடமை.